மரக்காணத்துச் சுவரும் திருமழபாடி பேக்கப்பும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை நிறுத்தி உப்புக் குவியலை ஃபோட்டோ எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். ஊருக்குள் இருக்கிற பூமீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. போன தடவை அங்கே நின்றபோது, ஆபீசில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு விஷயம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் புராஜெக்டின் ஆவணம் ஒரு தனி வேர்டு கோப்பில் இருந்தது. கோட் நாலு வருஷம் ஓடிவிட்டது, கோப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதை நம்பி ஒரு மாற்றம் செய்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தது.

கோயில் சுவரில் அந்தச் சிக்கல் கிடையாது. கொடை எந்தக் கோயிலுக்கோ, எழுத்தும் பெரும்பாலும் அந்தக் கோயிலிலேயே. பொருளும் அதைப் பற்றிய குறிப்பும் ஒரே இடத்தில். டொனால்ட் நூத் 1984ல் 'லிட்டரேட் புரோகிராமிங்' என்று எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் வை, பிறகு கருவி பிரித்துக்கொடுக்கட்டும். பின்னால் ஜாவாடாக், 1997ல் டாக்ஸிஜன், 2008ல் பைத்தான்காரர்களுக்கு ஸ்பிங்க்ஸ் எல்லாம் வந்தன. கோடுக்குப் பக்கத்திலேயே நாலு வரி எழுதினால் போதும், கருவி அதைச் சுரண்டி எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடும்.

சரி, சுவரையே இடிக்க வேண்டி வந்தால்?

திருமழபாடியில் வந்தது. வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 வாக்கில், உத்தரவிட்டான். இடிப்பதற்கு முன்னால் கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நடுவில் ஏறக்குறைய 13 வருஷம்! அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர் யாரோ, அவரை நம்ம டீமில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது சோழர்கள் ஆவணத்தை உண்டாக்கின விதம். அரசன் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொள்ள திருவாய்க்கேள்வி, எழுத திருமந்திர ஓலை, அதைச் சரிபார்க்க ஓலை நாயகம், கடைசியில் வரிப் புத்தகத்தில் பதிய புரவுவரித் திணைக்களத்தார். ஒரு கட்டத்தின் வெளியீடு அடுத்த கட்டத்துக்கு உள்ளீடு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது எல்லையில் பெண் யானையை நடக்கவிட்டார்கள். யானை நடந்த வழியே ஆவணத்தில் எல்லையாக ஏறியது. ஆவணத்தில் எழுதின எடுத்துக்காட்டை உண்மையிலேயே ஓட்டிப்பார்த்து, விடை மாறினால் கத்துகிற டாக்டெஸ்ட் பைத்தானுக்கு 2001ல்தான் வந்தது.

படியெடுக்கிற முறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் கல்வெட்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். எழுதுகிறவருக்குப் புரியாத எழுத்து அவருக்குப் புரிந்த எழுத்தாக மாறிவிடும். ஹூல்ச் காலத்துக் கல்வெட்டுத் துறை மைப்படி எடுத்தது: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பதியவைத்து, மேலே மை ஒற்றுவார்கள். கல்லில் இருப்பது தாளில் வரும். படியெடுக்கிறவருக்குப் பழைய லிபி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் செய்வதும் ஒருவகை மைப்படிதான். ஃபங்ஷன் பெயர், அளபுருக்கள் எல்லாம் கோடிலிருந்தே நேராக வரும், தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை.

ஆனால் மைப்படியில் கல்லில் வெட்டாதது வராது. கோயிலிலிருந்து உப்பளத்துக்குப் போனேன். உப்புநீரின் அடர்த்தியை போமே அளவையில் பார்த்தால், சுமார் 25 டிகிரியில் பாத்தியில் உப்பு விழ ஆரம்பிக்கும். 29, 30க்குப் பக்கத்தில் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். இவ்வளவையும் ஒரு சென்சார் வைத்துத் தானாகவே அட்டவணை போட்டுவிடலாம். நல்ல உப்புத்தண்ணியை எதுக்கு அண்ணே கொட்டுறீங்கன்னு அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இன்னும் விட்டா உப்பு கசக்கும் தம்பி."

மக்னீசிய உப்புகள் சேர்ந்துவிடும், அதுதான் கசப்பு. இந்த ஒரு வரி எந்த அட்டவணையிலும் தானாக வந்து விழாது. யாராவது ஒருத்தர் கை வைத்து எழுதியிருக்கணும்.

எங்கள் புராஜெக்டில் இப்போது ஸ்பிங்க்ஸ் ஓடுகிறது, ஒவ்வொரு தடவை கோட் மாறும்போதும் பக்கங்கள் புதுசாகின்றன. ராத்திரி காலை வாரின அந்த ஃபங்ஷனில் 90 விநாடி காத்திருக்கும்படி ஒரு எண் இருக்கிறது. பக்கத்தில் அழகாக '90' என்று வந்துவிட்டது. ஏன் 90 என்று எழுதினவருக்குப் போன வாரம் ஃபோன் போட்டேன். அவருக்கும் மறந்துபோச்சாம்.