597 குழந்தைகள்

தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. நம் ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. வளைகாப்பு முடித்து, தயிர்சாதம் புளியோதரை கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெண் வெளிநாட்டில் இருந்தால், அம்மா இங்கிருந்து விசா எடுத்து, பெட்டியில் பாதியைப் பிரசவ லேகியத்தால் நிரப்பிக்கொண்டு கிளம்புவார். மாசமாக இருக்கும்போதே வெளிநாடு போகிற பெண்ணுக்கு இன்னும் தலைவலி. ஸ்கேன் ரிப்போர்ட், இன்சூரன்ஸ், அங்கே எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று ஆயிரம் கேள்விகள். 28 வாரம் தாண்டினால் பல விமான கம்பெனிகள் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்கும். 36 தாண்டினால் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள்.

எல்லாம் தொல்லைதான். ஆனாலும் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது.

ஃபைலும் இல்லை, டாக்டரும் இல்லை, அம்மாவும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு பனிமலையை நடந்தே தாண்டி அடுத்த நாட்டுக்குள் போய் நிற்கவேண்டும் என்றால்?

1939 ஜனவரி 26. ஸ்பெயினில் பார்சிலோனா விழுந்தது. இரண்டரை வருட உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஃபிராங்கோவின் கை ஓங்கிவிட்டது. குடியரசின் பக்கம் நின்றவர்கள், நின்றவர்களின் மனைவிமார், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி இங்கே இருந்தால் உயிர் மிஞ்சாது என்று. வடக்கே பிரெனே மலை. தாண்டினால் பிரான்ஸ். கழுதை வண்டியில், லாரியில், முக்கால்வாசிப்பேர் கால்நடையாக. மேலே விமானங்கள் குண்டு போட்டன. கீழே குளிர் கொன்றது. சில வாரங்களுக்குள் எல்லை தாண்டியவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். கவிஞர் அந்தோனியோ மச்சாடோ தன் வயதான அம்மாவோடு இந்தக் கூட்டத்தில்தான் வந்தார். கொலியூர் என்கிற கடலோரச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். பிப்ரவரி 22-ம் தேதி இறந்துபோனார். மூன்றாம் நாள் அம்மாவும்.

பிரான்ஸ் இவர்களை எதிர்பார்க்கவில்லை என்று சொல்வார்கள். முழுப்பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் முக்கால் பொய். 1938 நவம்பர் 12-ம் தேதியே, 'வேண்டாத வெளிநாட்டவர்'களைப் பிடித்து அடைத்து வைக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அடைப்பதற்குச் சட்டம் தயார். கட்டடம்தான் தயாராக இல்லை. எனவே கடற்கரையைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆர்ஜலே. சேன் சிப்ரியன். இன்றைக்குக் கோடை விடுமுறைக்கு ஐரோப்பியர்கள் குடும்பத்தோடு குளிக்கப் போகிற இடங்கள். 1939 பிப்ரவரியில் அங்கே இருந்தது மணல், கடல், சுற்றிலும் முள்கம்பி. அவ்வளவுதான். கூரை கிடையாது. கழிப்பறை கிடையாது. மணலைத் தோண்டிக் குழிக்குள் படுத்துக்கொண்டார்கள். மேலே போர்வை. 'ட்ரமொன்டான்' என்று ஒரு காற்று அந்தப் பக்கம் உண்டு. வடக்கேயிருந்து நாள்கணக்கில் விடாமல் வீசும். போர்வை பறந்துவிடும். மணல் கண்ணில், வாயில், சோற்றில். அடிபம்பு போட்டார்கள். கடலுக்குப் பக்கத்தில் பம்பு போட்டால் என்ன வரும்? உப்புத் தண்ணீர். அதுவும் பக்கத்திலேயே மனிதக் கழிவு கலந்த தண்ணீர். ஆர்ஜலேயில் மட்டும் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம்பேர் இப்படிக் கிடந்தார்கள்.

பெண்களையும் குழந்தைகளையும் ரயிலேற்றி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார்கள்தான். ஆனால் புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்று முகாமிலேயே தங்கியவர்கள் இருந்தார்கள். பல இடம் சுற்றவைத்துத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து போடப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் நிறைய பேர் கர்ப்பிணிகள்.

ஒரு கர்ப்பிணிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். நல்ல தண்ணீர், வயிறாரச் சாப்பாடு, படுக்க இடம், கைபிடிக்க ஓர் ஆள். இதில் ஒன்றுகூட அங்கே இல்லை. வலி கண்டால் பெர்பினியான் நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஆரம்ப நாள்களில் சில பெண்கள் குதிரை லாயத்தில் வைக்கோல்மேல் பிள்ளை பெற்றார்கள். பெற்றபிறகு? திரும்ப மணலுக்கே. சாப்பாடு இல்லாத தாய்க்குப் பால் வற்றும். பால் வற்றினால் புட்டிப்பால். புட்டிப்பால் என்றால் அந்தத் தண்ணீர். அந்தத் தண்ணீர் என்றால் பேதி. பச்சைக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்? கொத்துக்கொத்தாகச் செத்தன.

யாரிடம் போய்க் கேட்பது? வெளிநாட்டில் பிரச்னை என்றால் நம் ஆள்கள் தூதரகத்துக்கு ஓடுவார்கள். இவர்களுக்கு அதுவும் போச்சு. 1939 பிப்ரவரி 27-ம் தேதி பிரான்ஸ், ஃபிராங்கோவின் அரசை அதிகாரப்பூர்வமாக அங்கீகரித்துவிட்டது. அதாவது, யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவருடைய ஆள்தான் இனி தூதர்.

இந்த இடத்தில்தான் ஒரு டீச்சர் வருகிறார்.

எலிசபெத் ஐடன்பென்ஸ். சுவிட்சர்லாந்துக்காரர். 1913-ல் பிறந்தவர். நர்ஸ் இல்லை, மருத்துவச்சி இல்லை, டாக்டர் நிச்சயமாக இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை. 1937-ல் ரொடோல்ஃபோ ஓல்ஜாத்தி என்பவர் முன்னின்று நடத்திய சுவிஸ் உதவிக் குழு ஒன்று ஸ்பெயினுக்குப் போனது. போரில் மாட்டிக்கொண்ட குழந்தைகளுக்குப் பாலும் சாப்பாடும் கொடுக்கிற வேலை. ஐடன்பென்ஸ் அதில் சேர்ந்துகொண்டார். ஸ்பெயின் தோற்று ஜனங்கள் பிரான்ஸுக்கு ஓடியபோது குழுவின் வேலையும் அவர்கள் பின்னாலேயே போனது.

முதலில் பிரூயா என்ற கிராமத்தில் ஒரு வீட்டைப் பிடித்துச் சின்னதாக ஒரு பிரசவ விடுதி ஆரம்பித்தார்கள். நன்றாகத்தான் நடந்தது. செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் வந்தது. அந்த வீடு கையைவிட்டுப் போனது. கர்ப்பிணிகள் யுத்தம் முடியட்டும் என்று காத்திருக்கமுடியுமா? வேறு இடம் தேடினார்கள்.

எல்ன் என்பது பெர்பினியானுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். ஆர்ஜலே முகாமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஊருக்கு வெளியே பார்தூ மாளிகை. சிகரெட் சுற்றுகிற காகிதத்தில் சம்பாதித்த பார்தூ குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மூன்றடுக்கு, உச்சியில் கண்ணாடிக் கூரை. பணக்காரர்களின் ஆசை தீர்ந்தபிறகு ஆளில்லாமல் கிடந்தது. கிட்டத்தட்ட பாழ் வீடு. ஐடன்பென்ஸ் பார்த்தார். போதும் என்றார். சுவிட்சர்லாந்தில் வசூலான நன்கொடைப் பணத்தில் ரிப்பேர் வேலை நடந்தது.

1939 டிசம்பர் 7. மாளிகையில் முதல் குழந்தை பிறந்தது. அப்போது ஐடன்பென்ஸுக்கு வயது 26.

ஏற்பாடு எப்படி என்றால், மிக எளிமை. முகாம்களுக்கு வண்டி போகும். பிரசவத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். வந்தவர்களுக்கு முதல் வைத்தியம் குளியல், சுத்தமான துணி, வயிறு நிறையச் சாப்பாடு, தூக்கம். பிரசவம் பார்க்க மருத்துவச்சியும் நர்ஸும் உண்டு. பிள்ளை பிறந்து இன்னும் சில வாரங்கள் அங்கேயே தங்கலாம். தாய்க்குத் தெம்பு வரும், பிள்ளை பால் குடித்துத் தேறும். பால் நிறையச் சுரக்கிற தாய்மார் மற்ற குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். பால் பவுடரும் பாலாடைக்கட்டியும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. வெயில் காய்கிற நேரத்தில் குழந்தைகளைத் தொட்டிலோடு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து வரிசையாகப் போடுவார்கள். ஐடன்பென்ஸ் கையில் கேமரா இருந்தது, அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. வரிசை வரிசையாகக் கொழுகொழுவென்று குழந்தைகள். முள்கம்பி எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மழுப்பக்கூடாது. சில வாரம் கழித்து அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? பெரும்பாலும் திரும்ப முகாமுக்குத்தான். ஐடன்பென்ஸால் முகாமை மூட முடியாது. அவரால் முடிந்தது, சிலரைச் சமையலுக்கு, துணி துவைக்க, தோட்டத்துக்கு என்று வேலையில் வைத்துக்கொள்வது. தங்கும் நாள்களை இழுத்துப் பார்ப்பது. விளம்பரமில்லாத சின்னச் சின்னத் தில்லுமுல்லுகள். நான் காமர்ஸ் படித்தவன். வரவு செலவில் இந்த மாதிரி 'அட்ஜஸ்ட்மென்ட்' பார்த்தால் ஆடிட்டருக்குக் கோபம் வரும். எனக்கு இந்தக் கணக்கின்மேல் மரியாதைதான் வருகிறது.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. தெற்குப் பகுதி மார்ஷல் பெத்தானின் விஷி அரசின் கைக்குப் போனது. இந்தப் பெத்தான்தான் போன வருஷம் ஃபிராங்கோவிடம் பிரான்ஸின் தூதராகப் போனவர். மாளிகைக்கு வருகிறவர்களின் ஜாடை மாற ஆரம்பித்தது. ஸ்பானியப் பெண்களோடு யூதப் பெண்கள், ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவின் வேறு வேறு மூலைகளிலிருந்து ஓடிவந்தவர்கள். பக்கத்தில் ரிவ்சால்ட்டில் 1941-ல் குடும்பங்களை அடைக்கவென்றே ஒரு பெரிய முகாம் திறந்தார்கள். அங்கேயிருந்தும் கர்ப்பிணிகள் வந்தார்கள்.

1942 தொடக்கத்தில் நிர்வாகம் சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின்கீழ் போனது. பணத்துக்கு ஒரு வழி பிறந்தது. கூடவே ஒரு வம்பும் பிறந்தது. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. அதன் செஞ்சிலுவை, இருக்கிற நாட்டின் சட்டத்தை மீறக்கூடாது. விஷி பிரான்ஸின் சட்டமோ யூதர்களைப் பிடித்துக்கொடு என்றது. அந்த ஆகஸ்ட் முதல் சில மாதங்களுக்குள் ரிவ்சால்ட்டிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள். பாரிஸ் அருகே திரான்சி முகாம், அங்கிருந்து ஔஷ்விட்ஸ். நவம்பர் 11-ம் தேதி ஜெர்மன் ராணுவமே தெற்குக்கும் வந்துவிட்டது.

நடுநிலை என்பது கேட்க அழகான வார்த்தை. ஒன்பது மாதக் கர்ப்பிணி வாசலில் நிற்கும்போது அதற்கு என்ன அர்த்தம்? உள்ளே விட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாய். விடாவிட்டாலும் சாய்ந்துவிட்டாய். ஐடன்பென்ஸ் உள்ளே விட்டார். யூதப் பெண்களின் அடையாளத்தை மறைத்தார். ஸ்பானியக்காரிபோல் ஒரு பெயர், பிறந்த பிள்ளைக்கும் அப்படியே ஒரு பெயர். ஜெர்மானியர்கள் சோதனை போட வந்தார்கள். கதவைத் திறந்தவருக்கு ஜெர்மன் தாய்மொழி. அது எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1944 ஈஸ்டர் சமயத்தில் ஜெர்மன் ராணுவம் மாளிகையை எடுத்துக்கொண்டது. தொட்டில்களைக் காலி செய்யவேண்டியதாயிற்று. கணக்கு பார்த்தால், நாலு வருஷம் சொச்சம், 597 குழந்தைகள். சராசரி மாதத்துக்குப் பதினொன்று. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் இதை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் இவை மணலுக்குத் திரும்பிப் போயிருக்கவேண்டிய உயிர்கள். ஏறக்குறைய 400 ஸ்பானியர்கள், மீதிப்பேரில் பெரும்பாலோர் யூதர்கள்.

போர் முடிந்ததும் ஐடன்பென்ஸ் ஆஸ்திரியாவுக்குப் போனார். அங்கேயும் அகதிப் பெண்கள், குழந்தைகள், அதே வேலை. எல்னைப் பற்றி அவர் மேடை போட்டுப் பேசவில்லை. மாளிகை திரும்பவும் பாழாகக் கிடந்தது. ஐம்பது வருஷம் யாருக்கும் ஞாபகமில்லை. பிறந்த குழந்தைகளுக்கே ஞாபகமில்லை. அதெப்படி இருக்கும்? ஒரு மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம், பிறந்த இடம் எல்ன் என்று எழுதிய ஒரு சான்றிதழ்.

1941-ல் அங்கே பிறந்த கீ எக்ஸ்டைன் என்கிற யூதருக்கு அந்த ஒற்றை வரி உறுத்திக்கொண்டே இருந்தது. விசாரித்துக்கொண்டு போய், 1990-களில் ஆஸ்திரியாவில் அந்த அம்மாளைக் கண்டுபிடித்துவிட்டார். 2002-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு ஐடன்பென்ஸுக்கு விருது கொடுத்தது. பிறகு ஸ்பெயின் தரப்பு, பிரான்ஸ் தரப்பு என்று வரிசையாக விருதுகள். 2005-ல் எல்ன் நகராட்சி மாளிகையை விலைக்கு வாங்கியது. இப்போது அது அருங்காட்சியகம்.

ஐடன்பென்ஸ் 2011 மே மாதம் சூரிச்சில் காலமானார். வயது 97. அந்த மாளிகைக்குத் தலை நரைத்த ஆண்களும் பெண்களும் வருவதுண்டு. சுவரில் மாட்டியிருக்கும் மொட்டைமாடிப் படத்தின்முன் நின்று, அந்தத் தொட்டில் வரிசையில் தான் எது என்று தேடுவார்கள்.