ஊரின் உணவு: காத்தான்குடியில் நெல்லும் ஸக்காத்தும்

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. ஊர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறது என்பதை அவை சொல்கின்றன. ஆனால் இவ்வூர் மக்களின் மார்க்கக் கடமைகளோடு நெருங்கிப் பிணைந்த விளைபொருள் பேரீச்சை அன்று, நெல். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த மணற்பரப்பில் சுமார் 40,000 பேர் வாழ்வதாக 2012 குடிசன மதிப்பீடு காட்டியது. இங்கே வயலுக்கு இடமேது? வயல்கள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கின்றன. தன் மண்ணில் நெல் விளையாத ஊரில் நெல் எவ்வாறு வணக்கத்தின் பொருளாயிற்று?

இதை விளங்கிக்கொள்ளத் தாய்லாந்தை ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கே சாப்பிடுவதைக் குறிக்கும் ‘கின் காவ்’ என்ற சொற்றொடருக்குச் சோறு உண்ணல் என்பதே நேர்ப்பொருள். காத்தான்குடியிலும் “சோறு திண்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். ஒற்றுமை இந்த அளவில் நின்றுவிடுகிறது. தாய்லாந்தில் நெல்லுக்கு மே போஸோப் என்ற தாய்த் தெய்வம் உண்டு; மன்னரின் பெயரால் ஏர்பூட்டு விழா நடக்கிறது. அயலிலுள்ள தமிழரிடமும் முதல் விளைச்சலைப் புதிராக எடுத்துப் படைக்கும் வழக்கம் உண்டு. இஸ்லாத்தின் ஏகத்துவத்தில் நிற்கும் காத்தான்குடி நெல்லைத் தெய்வமாக்க முடியாது. அதன் சிறப்பு இங்கே அளவைகளின் வழியே, சட்டத்தின் வழியே நிலைபெற்றது என்பது என் வாதம்.

நோன்புப் பெருநாளையொட்டிக் கொடுக்கும் கட்டாயத் தருமமான பித்ராவை எடுத்துக்கொள்வோம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (சட்ட மரபின்) படி, அதை ஊர் மக்களின் பிரதான உணவிலிருந்தே கொடுக்க வேண்டும். அளவு ஆளுக்கு ஒரு ஸாஉ, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மதீனாவில் பேரீச்சையும் வாற்கோதுமையும் நின்ற இடத்தில் இங்கே அரிசி நிற்கிறது. இதை வசதிக்காகச் செய்த மாற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. ஊரின் உணவு எதுவோ அதுவே கடமையின் பொருள் என்று சட்டமே விதித்திருக்கிறது.

விளைச்சலுக்கான கட்டாயக் கொடையாகிய ஸக்காத் இன்னும் நுட்பமானது. மழையாலோ தானாகப் பாயும் நீராலோ விளைந்தால் பத்தில் ஒன்று. செலவிட்டு இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. மாரிமழையை நம்பிய மானாவாரி வேளாண்மைக்கும், இயந்திரம் வைத்து நீர் இறைக்கும் சிறுபோகத்துக்கும் இடையிலான வேறுபாடு இவ்விதியில் அப்படியே பதிந்திருக்கிறது. (மட்டக்களப்பில் ‘வேளாண்மை’ என்றாலே நெற்பயிர்தான்.) உமி நீக்கிய தானியத்துக்கு ஐந்து வஸக், அதாவது சுமார் 650 கிலோ, கடமைக்கான எல்லை. உமியோடு சேமிக்கும் நெல்லுக்கு ஷாபிஈ அறிஞர்கள் அதைப் பத்து வஸக் ஆக்கினர். அரபு மண்ணில் தோன்றிய சட்டம் நெல்மணியின் உமியைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்த ஒழுங்குக்குத் தமிழர் உழைப்பும் அண்டை உறவும் அடித்தளம். காணி ஒருவருடையதாகவும் வெட்டும் கை இன்னொருவருடையதாகவும் இருந்தன. டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக்கி 2008இல் வெளியிட்ட நூல் இரு சமூகங்களையும் ஒருசேர ஆராய்வது இதனால்தான் பொருத்தமாகிறது. இச்சமூகங்களின் உறவுக்கு ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்போல’ என்று நாம் சொல்லிப் பழகிய உவமை சமைத்த பண்டத்தில் தொடங்குகிறது. மா எந்த வயலிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை.

இந்த உறவை உள்நாட்டுப் போர் குலைத்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். போர்க்காலத்தில் படுவான்கரை வயல்கள் முஸ்லிம் உரிமையாளர் பலருக்கு எட்டாமற்போயின. அந்த இழப்பை வருமானக் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. வயலுக்குப் போக முடியாதவர் கடையில் அரிசி வாங்கி உண்டார்; அந்த அரிசியிலிருந்தே பித்ராவும் கொடுத்தார். உண்பவரின் கடமை நீடித்தது. விளைவிப்பவரின் கடமையும், அறுவடைக் காலத்தில் ஏழைக்குரிய பங்கும் நின்றுபோயின.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் மண்முனைத் துறையில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்ல ‘பாதை’ என்று மக்கள் அழைக்கும் மிதவையே இருந்தது. இன்று நெல் மூடைகள் பாலத்தின் வழியே வருகின்றன. காணி உரித்துப் பற்றிய பிணக்குகள் பல இன்னும் தீராதிருக்க, வெட்டு இயந்திரக் கூலியையும் உரச் செலவையும் கழித்தபின் ஸக்காத் கணக்கிடலாமா என்ற பழைய விவாதத்துக்கு மீண்டும் இடம் ஏற்பட்டிருக்கிறது.