தென்காசி நகர மைய மேம்பாடு
தென்காசி நகர மையம் என்பது 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலையும் அதைச் சூழ்ந்த ரத வீதிகளையும் கொண்ட பகுதி. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று புதிய மாவட்டம் உதயமானதும், தென்காசி அதன் தலைநகரானது. அரசு அலுவலகங்களும் வாகனங்களும் பெருகின. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சீசனில் குற்றாலம், ஐந்தருவி செல்லும் கூட்டமும் இங்கு சேர்கிறது.

நகர வளர்ச்சியை நெறிப்படுத்துவது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் தயாராகும் முழுமைத் திட்டம் ஊர் முழுமைக்குமான நிலப் பயன்பாட்டை வகுக்கிறது. விரிவு வளர்ச்சித் திட்டம் குறிப்பிட்ட பகுதியின் தெரு, மனை விவரங்களை வரையறுக்கிறது. ஊர் வளர வளர இவற்றை மறுஆய்வு செய்வது அவசியம். அப்போது தேரோடும் வீதிகளின் அகலம், நடைபாதை, ஊர் வழியே ஓடும் சிற்றாற்றின் நீர்வழி ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.