ஆவடிப் பக்கத்து நோயேடுகள்

அம்பத்தூரை அடுத்து அயப்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளால் பலரும் அறிந்த அவ்வூரில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் அமைந்துள்ளது. நோயாளர் வந்து படுக்கும் மருத்துவமனை அன்று அது. நோய்களை எண்ணிக் கணக்கிடும் இடம். சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும், ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவும் 1999ஆம் ஆண்டு ஒன்றாக இணைந்தே இந்நிறுவனம் பிறந்தது. மருத்துவம் கணினித் திரைக்குள் புகுந்துவிட்டதே என்று இன்று வியப்போர், இவ்வட்டாரத்தின் பழைய ஏடுகளின் கதையைச் சற்றே கேட்க வேண்டும்.

பிணியை எழுதிவைத்துப் பயன்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 925ஆம் ஆண்டளவில் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, தாம் கண்ட நோயாளரின் நிலையை நாள்தோறும் குறித்துவைத்தவர். அக்குறிப்புகளை அவர் மறைவுக்குப்பின் மாணாக்கர் தொகுத்ததே ‘கிதாபுல் ஹாவீ’ என்னும் பெருநூல். சிர்ஸாம் என்னும் மூளை அழற்சியின் முன்னறிகுறி தோன்றியோரில் ஒரு சாராருக்குக் குருதி வடித்ததையும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டதையும் அதில் காண்கிறோம். இரு கூட்டத்தாரை ஒப்பிட்டு மருந்தின் உண்மையை அறியும் நெறி அங்கே முளைவிட்டது எனலாம்.

அந்நெறி பேருருக் கொண்டது நம் திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில்! காசநோயைத் தடுக்க பி.சி.ஜி. ஊசி உண்மையில் பயன்படுகிறதா என்றறிய, 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆய்வொன்று தொடங்கிற்று. வீடுவீடாகக் குடிக்கணக்கு எடுத்து, சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டனர். சிலருக்கு வீரியம் மிகுந்த மருந்து, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார். ஆளுக்கோர் அட்டை, அட்டைக்கோர் எண். ஆண்டுகள் கழித்து ஒருவர் இருமினால், அவருடைய சளியைச் சோதித்து, முடிவை அதே எண்ணின்கீழ்ச் சேர்க்க வேண்டும். எண் மாறினால் ஆய்வே பொய்த்துவிடும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஓதிப் பழகிய என் போன்றோருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இடையில் ஒருவர் சோர்ந்தாலும் செய்தி பலவீனமாகிவிடுமன்றோ?

ஏழரை ஆண்டு தொடர்ந்து பார்த்தபின் 1979இல் வெளிவந்த முடிவு உலகைத் திகைக்கவைத்தது. நுரையீரல் காசத்தினின்று அவ்வூசி காப்பளிக்கவில்லை! எதிர்பார்த்ததற்கு மாறான இம்முடிவை அஞ்சாமல் கூறும் வலிமையை அவ்வட்டைகளே தந்தன. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசவகைகளைத் தடுப்பதற்காக அவ்வூசி இன்றும் போடப்படுகிறது.

ஆவடிக் களப்பிரிவு 1990களில் தொழுநோய்த் தடுப்பூசிகளை அவ்வாறே ஒப்பிட்டு ஆராய்ந்தது. சுமார் 1,71,000 பேர் ஊசி பெற்றனர். 1998இல் முடிவு வெளியாயிற்று. தொழுநோயாளி என்றாலே விலகி நின்ற காலத்தில், வீட்டுக்குள் சென்று உடலெங்கும் தேமல் உண்டா எனத் தேடிய களப்பணியாளர்களின் பெயர்களை எந்த நூலும் சொல்வதில்லை.

இனித் திரைக்கு வருவோம். இரத்தக் கொதிப்பை அடக்க 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அயப்பாக்கம் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பஞ்சாப், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் செவிலியர் ‘சிம்பிள்’ என்னும் செல்பேசிச் செயலியில் அளவையும் மருந்தையும் பதிகின்றனர். தவணை தவறியவரின் பெயரை அது தானே எடுத்துக் காட்டும். செவிலியர் அவரை அழைப்பார். வலியில்லாத நோயாதலால் மாத்திரையைப் பாதியில் விடுவோரே மிகுதி. அத்தகையோருக்கு அந்த அழைப்பு உயிர்காக்கும் துணை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையையே வீட்டுக்குக் கொண்டுசென்றது. இவற்றைக் குறைகூற நான் துணியேன்.

ஆயினும் ஓர் உறுத்தல் உண்டு. 2021 செப்டம்பர் 27இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட மின்னியல் சுகாதார இயக்கம், ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. அது கட்டாயமன்று என்பதே விதி. எங்கள் உறவில் ஒரு மூதாட்டியை மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அந்த எண் இருந்தால்தான் சீட்டு என்றார் முகப்பில் இருந்தவர். கடவு எண்ணோ மகனுடைய செல்பேசிக்குப் போயிற்று. மகன் ரியாத்தில், வேலையில். ஆதாரில் ‘பாத்திமா பீவி’, பழைய சீட்டில் ‘பாத்துமா பீ’. கணினிக்கு அவர்கள் இருவர். அட்டை எழுதிய அக்காலக் களப்பணியாளராயின் முகத்தைப் பார்த்தே ஒருவர் என்று முடித்திருப்பார்.

இரண்டு மணி நேரம் கழித்து மகன் தொலைபேசியில் எண்ணைச் சொன்னார்; அதற்குள் அது காலாவதியாகிவிட்டது. அம்மூதாட்டி தம் சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காய் மடித்த பழைய மருந்துச் சீட்டுகளை மருத்துவரின் மேசைமேல் வைத்தார். அவர் ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார்.