கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் பேரனோடு சென்ட்ரல் பக்கம் போயிருந்தேன். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் தெரிந்த விளக்குக் கோபுரங்களைக் காட்டி, "தாத்தா, அதுதான் சென்னையின் எஃப்.சி. கிரவுண்டு" என்றான். "அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

இன்றைக்கு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் என்று சொல்லப்படும் அந்த இடம், அந்தக் காலத்தில் மாநகராட்சியின் சொத்து. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் மேட்சுகள் நடந்தது சேப்பாக்கத்தில் அல்ல, இங்கேதான். மொத்தம் ஒன்பது டெஸ்டுகள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். மன்கட் 231, ராய் 173. அந்தச் சாதனை 52 வருஷம் நின்றது. 2008-ல்தான் தென்னாப்பிரிக்கர்கள் இருவர் 415 எடுத்து முறியடித்தார்கள். 1962-ல் இங்கிலாந்தை முதன்முதலாக ஒரு தொடரில் வென்றோமே, அதன் கடைசி டெஸ்டும் இதே மைதானத்தில்தான். இளம் பட்டோடி அதில் சதம் அடித்தார்.

நான் அங்கே முதலில் போனது 1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினோரு வயது. அப்பா பூந்தமல்லியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு நடை, அங்கிருந்து பஸ். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலம் என் மடியில். முன்பே குந்தரன் 192 அடித்துவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததால், நானும் பவுண்டரிகளை எதிர்பார்த்துப் போனேன்.

நான் பார்த்ததோ பாபு நட்கர்ணியை. இங்கிலாந்து வீரர்கள் பலருக்கு வயிற்றுக் கோளாறு. போலஸும் பாரிங்டனும் கட்டை போட்டுக்கொண்டே நின்றார்கள். நட்கர்ணி அதே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள்! இன்னிங்ஸ் முடிவில் அவர் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை.

எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அப்பா மட்டும் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் ஓவருக்கு ஒரு கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். "விக்கெட்டே எடுக்கலையேப்பா" என்றேன். "ஒண்ணும் விட்டுக்கொடுக்கலையே, அது போதாதா?" என்றார். மாதச் சம்பளத்தில் ஐந்து பேரைக் காப்பாற்றியவர் பேச்சு அது. அன்று எனக்கு விளங்கவில்லை.

1965-க்குப் பிறகு டெஸ்ட் அங்கே நடக்கவில்லை. 1967-ல் மறுபடி சேப்பாக்கம் போய்விட்டது. ஆனால் மாநகராட்சி மைதானத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். லீக் ஃபுட்பால் ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், கல்லூரிப் பையன்கள். 1972-ல் எங்கள் கல்லூரி ரிலே அணியில் மூன்றாவது ஆளாக நானும் அங்கே ஓடினேன். காலில் ஷூ கிடையாது. நான்காவதாக வந்தோம், பதக்கம் மூன்று அணிக்குத்தான். மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "தடியைக் கீழே போடாம குடுத்தியே" என்றார். அவ்வளவுதான்.

கிளப் மைதானமாக இருந்தால் மாங்காட்டுக் கணக்குப்பிள்ளை மகன் நட்கர்ணி நின்ற புல்லில் கால் வைத்திருக்க முடியுமா? ஊர்ப் பொதுச் சொத்து என்பதன் அருமை அதுதான்.

பிறகு 1993-ல் அது புதிதாகக் கட்டப்பட்டது. அந்த வருஷம் நேரு கோப்பைக் கால்பந்தும், 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. இப்போது நிர்வாகம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். 2014 முதல் ஐ.எஸ்.எல். சம்பளத்துக்கு ஆடும் சென்னையின் அணி இரண்டு முறை பட்டம் வென்றுவிட்டது. விளக்கு, செயற்கை ஓடுதளம் எல்லாம் நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன். பெரிய மேட்ச் இல்லாத நாளில் பூந்தமல்லிப் பக்கத்துப் பையன் ஒருவனும் அங்கே ஓடிப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்பா போய் இருபத்தெட்டு வருஷமாகிறது. அந்த ரசீதை வெகுநாள் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் பேரனிடம் நட்கர்ணி கதையைச் சொன்னேன். "விக்கெட்டே எடுக்கலையா தாத்தா?" என்று கேட்டான்.

அப்பா சொன்ன பதிலையே சொன்னேன்.