சொல்லிற் பிறந்த மருத்துவம்

உடல் நோவுக்கு மருத்துவரை நாடும் நாம் உள்ள நோவை மறைத்துவைக்கிறோம். வியன்னா நகரில் 1880ஆம் ஆண்டு, தந்தையின் நோய்ப்படுக்கையருகே இருந்து நலிவுற்ற பெர்த்தா பாப்பென்ஹைம் என்னும் இளநங்கையின் சொற்களை மருத்துவர் யோசப் பிராயர் பொறுமையுடன் செவிமடுக்கத் தொடங்கினார். அதற்குப் 'பேச்சு மருத்துவம்' எனப் பெயரிட்டவர் அந்நங்கையே. 1882இல் அம்மருத்துவம் நின்றபோது அவர் முற்றும் குணமடைந்தாரல்லர். பின்னும் சில முறை மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது. எனினும் தேறியெழுந்து, 1904இல் ஜெர்மனியில் யூத மகளிர் சங்கத்தை நிறுவினார்.

கேட்பவரின் உண்மையும் மதிப்பும் பரிவுமே மனமாற்றத்துக்கு அடிப்படை என்று 1957இல் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் எழுதினார். ஆதலின், முறையான பயிற்சி பெற்றவரை நாடுக. அவர்முன் அச்சமின்றி மனந்திறக்க இயலாவிடின், வேறொருவரைத் தேடுதல் இழுக்கன்று. முதல் முயற்சி பயன் தராவிடினும் மனந்தளரற்க.