ஜேட் மணி அணிகலன்கள்

ஜேட் மணி அணிகலன்கள் என்பன, ஜேட் எனப்படும் கல்லிலிருந்து செய்து துளையிட்ட மணிகளைக் கோத்து உருவாக்கப்படும் மாலைகள், கைச்சரங்கள், காதணிகள் முதலியவை ஆகும். ஜேட் என்பது தனியொரு கனிமத்தின் பெயர் அன்று. நெஃப்ரைட்டு, ஜேடைட்டு என்னும் வேறுபட்ட இரு கற்கள் இப்பொதுப்பெயரால் அழைக்கப்படுகின்றன. சந்தையில் இப்பெயரில் விற்கப்படும் மணிகள் பல, இவ்விரண்டிலும் சேராதவை. எனவே, ஒரு மணியின் மதிப்பு அது எந்தக் கல், எங்கு கிடைத்தது, எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்னும் மூன்றையும் பொறுத்து அமைகிறது.

பெயர்

எசுப்பானியர் நடு அமெரிக்காவில் இக்கல்லைக் கண்டபோது, இடுப்பு வலியைப் போக்கும் கல் என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர். ஜேட் என்னும் சொல் அப்பெயரிலிருந்து வந்தது. நெஃப்ரைட்டு என்பது சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1863 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சிசு தமூர், வேதியியல் பகுப்பாய்வின் மூலம் இவை இரண்டும் வெவ்வேறு கற்கள் எனக் காட்டினார்.

இயல்புகள்

நெஃப்ரைட்டு, கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றைக் கொண்ட ஆம்பிபோல் வகைச் சிலிக்கேட்டு ஆகும். இதன் கடினத்தன்மை மோ அளவுகோலில் 6 முதல் 6.5 வரை; அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு. ஜேடைட்டு, சோடியம், அலுமினியம் கொண்ட பைராக்சின் வகைச் சிலிக்கேட்டு ஆகும். இதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 3.3 மடங்கு. ஆகவே ஒரே அளவுள்ள மணிகளில் ஜேடைட்டு சற்றுக் கனமாக இருக்கும்.

நெஃப்ரைட்டின் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அது எளிதில் உடைவதில்லை. மெல்லிய வளையங்களாகவும் சிறு மணிகளாகவும் இதைச் செதுக்க முடிவதற்கு இதுவே காரணம். ஜேடைட்டின் ஆழ்ந்த பச்சை நிறம் குரோமியத்தாலும், நெஃப்ரைட்டின் பச்சை பெரும்பாலும் இரும்பினாலும் உண்டாகிறது.

கற்கள் கிடைக்கும் இடங்கள்

ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில், உயர்ந்த அழுத்தத்திலும் ஒப்பளவில் குறைந்த வெப்பநிலையிலும் ஜேடைட்டு உருவாகிறது. இத்தகைய சூழலில் தோன்றிய பாறைகள் நிலத்தின் மேற்பரப்பை அடைவது அரிது. எனவே இது கிடைக்கும் இடங்களும் மிகச் சிலவே.

* மியான்மர்: கச்சின் மாநிலத்தின் பாகன் பகுதி. உயர்தர ஜேடைட்டில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது.
* குவாத்தமாலா: மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கு. மாயா, ஒல்மெக் மக்களின் மணிகளுக்கு மூலமான இவ்விடம், எசுப்பானிய ஆட்சிக் காலத்தில் மறக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் அறியப்பட்டது.
* சப்பான்: நீகாத்தா மாகாணத்தின் இத்தோய்காவா. சப்பானில் கிடைத்த தொல்பழங்கால மணிகள் வெளிநாட்டுக் கல்லால் ஆனவை என்னும் கருத்து, 1930-களின் இறுதியில் இங்கு ஜேடைட்டு கண்டறியப்பட்ட பின்னர் மாறியது.

நெஃப்ரைட்டு இதைவிடப் பரவலாகக் காணப்படுகிறது. சீனாவின் சிஞ்சியாங்கிலுள்ள கோத்தான், உருசியாவின் பைக்கால் பகுதி, கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா, நியூசிலாந்தின் தென் தீவு, தைவானின் உவாலியன் ஆகியவை குறிப்பிடத்தக்க இடங்கள். தைவான் நெஃப்ரைட்டில் துத்தநாகம் மிகுந்த குரோமைட்டுத் துகள்கள் உள்ளன. இவற்றை அடையாளமாகக் கொண்டு, பிலிப்பைன்சு, வியட்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளில் கிடைத்த பழைய அணிகள் சில தைவான் கல்லால் ஆனவை என 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மணி செய்யும் முறை

ஜேடைக் கத்தியால் செதுக்க இயலாது; அதைவிடக் கடினமான துகள்களைக் கொண்டு தேய்த்தே வடிவமைக்க வேண்டும். பழங்காலத்தில் ஈர மணலும் கயிறும் கல்லை அறுக்கவும், உட்குழல் கொண்ட எலும்பு அல்லது மூங்கில் துளையிடவும் பயன்பட்டன. இருபுறமிருந்தும் துளையிட்டதால், பழைய மணிகளின் துளைகள் நடுவில் குறுகிக் காணப்படும். இக்காலத்தில் வைரத்தூள் பதித்த கருவிகள் பயன்படுகின்றன.

மணிமாலைக்கு நிறமும் ஒளிபுகு தன்மையும் ஒத்த மணிகள் தேவை. இதற்காகப் பெரிய கல்லொன்றின் சிறந்த பகுதிகளை அறுத்தெடுப்பதால் கழிவு மிகுதி. 27 மணிகள் கொண்ட அட்டன்-எம்திவானி ஜேடைட்டு மாலை, 2014 இல் ஆங்காங்கில் நடந்த ஏலத்தில் ஏறத்தாழ 27.4 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது.

பதப்படுத்தலும் போலிகளும்

ஜேடைட்டு, வணிகத்தில் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

* ஏ வகை: மெழுகுப் பூச்சுத் தவிர வேறு மாற்றம் செய்யப்படாதது.
* பி வகை: அமிலத்தால் கறை நீக்கிப் பிசின் ஊட்டப்பட்டது.
* சி வகை: சாயமேற்றப்பட்டது.

பி வகை மணிகள் புதிதில் பொலிவாகத் தோன்றினாலும், காலப்போக்கில் பிசின் நிறம் மங்கக்கூடும். கண்ணால் மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். அகச்சிவப்பு நிறமாலை ஆய்வு பிசினைக் காட்டிக்கொடுக்கும்.

இடப்பெயர் சேர்ந்த வணிகப் பெயர்களும் குழப்பம் தருவன. "இந்திய ஜேட்" என்பது பச்சை அவெஞ்சுரின் குவார்ட்சு. "ஆத்திரேலிய ஜேட்" கிரிசோபிரேசு. "மலேசிய ஜேட்" சாயமேற்றிய குவார்ட்சைட்டு. "புதிய ஜேட்" செர்ப்பெண்டைன். இவற்றுள் எதுவும் ஜேட் அன்று.

சுரங்கமும் மனித இழப்பும்

பாகனில் பெருநிறுவனங்கள் கொட்டும் மண்மேடுகளில், எஞ்சிய கற்களைத் தேடிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளர் பலர் உள்ளனர். மழையில் இம்மேடுகள் சரிவதுண்டு. 2015 நவம்பரில் ஏற்பட்ட சரிவில் 100-க்கும் மேற்பட்டோரும், 2020 சூலை 2 அன்று ஏற்பட்ட சரிவில் 170-க்கும் மேற்பட்டோரும் இறந்தனர்.

ஐக்கிய அமெரிக்கா, மியான்மர் ஜேடைட்டின் இறக்குமதியை 2008 இல் சட்டத்தின் மூலம் தடை செய்தது. இத்தடை 2016 இல் நீக்கப்பட்டது. 2021 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டின் அரசு இரத்தினக்கல் நிறுவனத்தின் மீது தடை விதிக்கப்பட்டது. எனினும், வெட்டி மெருகிட்ட மணி பல கைகள் மாறி வருவதால், அதன் சுரங்கத்தை வாங்குபவர் அறிவது எளிதன்று. ஆய்வகச் சான்றிதழ் பெரும்பாலும் கல்லின் வகையையும் பதப்படுத்தலையும் மட்டுமே உறுதிசெய்கிறது.